அட்ஜெக்டிவ் பட்டியலை நம்பி நான் இழந்த 14 மாதங்கள்

எழுத்துப் பிரிவில் எனக்கு வேண்டியது 6.5. வந்தது 6. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் மதிப்பெண் 9 வரை அரை அரையாக ஏறும் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் தேவையான அளவு வந்துவிட்டது. எழுத்தில் மட்டும் ஒரு அரைப் புள்ளி குறைந்தது. அந்த அரைப் புள்ளியால் நான் விண்ணப்பிக்க நினைத்திருந்த முதுநிலைப் படிப்பு அந்த வருடம் இல்லை என்றானது. முடிவு வந்த அன்று வீட்டில் "இன்னும் ரிசல்ட் வரவில்லை" என்று சொன்னேன். அந்தப் பொய்யை மூன்று வாரம் காப்பாற்றினேன். யாரிடமும் கேட்கவும் தோன்றவில்லை. ஆங்கிலத்தில் தோற்றேன் என்று சொல்வதே பெரிய கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம்தான் எனக்கு அதிகச் செலவு வைத்தது என்பது பிறகுதான் புரிந்தது. யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிக் காலம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொல்வளம் போதவில்லை என்று நானே முடிவு செய்தேன். ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். "குட், பிக், நைஸ் என்று எழுதினால் மதிப்பெண் ஏறாது, உயர்ந்த அட்ஜெக்டிவ் போடுங்கள்" என்று சொல்லி ஆயிரம் பெயரடைகள், அதாவது ஒரு பெயரை வருணிக்கும் அட்ஜெக்டிவ் சொற்கள், கொண்ட ஒரு பட்டியலைத் தந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தமிழ்ச் சொல். நாளைக்குப் பத்து வீதம் நான்கு மாதம் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். வேலை முடிந்து வந்து, கண் எரிய எரிய. "பெரிய" என்று நினைத்த இடத்தில் எல்லாம் "கொலோஸல்" போட்டேன். "நல்ல" வரும் இடத்தில் "மேக்னிஃபிசென்ட்" போட்டேன். எழுதிய கட்டுரையைப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருந்தது. இரண்டாம் முறை எழுதினேன். 5.5 வந்தது. ஏறவில்லை என்றால்கூடத் தாங்கியிருப்பேன், இறங்கியிருந்தது. இரண்டு தேர்வுக் கட்டணமும் வகுப்புக் கட்டணமும் சேர்த்தால் என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். பணத்தைவிட அந்த நான்கு மாத இரவுகள்தான் இன்னும் உறுத்துகின்றன.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். எழுத்துப் பிரிவைத் திருத்துபவர்கள் நான்கு அளவுகோல்களை வைத்திருக்கிறார்கள்: கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறோமா, கருத்துகள் ஒன்றோடொன்று கோர்வையாக வருகின்றனவா, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம பங்கு. ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்ற விளக்கம் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி பொதுவில் கிடைக்கிறது. நான் அதைப் படித்ததே இரண்டாம் தோல்விக்குப் பிறகு. பொருந்தாத இடத்தில் பெரிய சொல்லைப் போட்டால் சொல்வளத்திலும் அடி விழும், அதைச் சுற்றி வாக்கியம் உடைந்தால் இலக்கணத்திலும் அடி விழும். நான்கில் இரண்டை நானே கெடுத்துக்கொண்டிருந்தேன். எந்த வகுப்புக்கும் பணம் கட்டும் முன் அந்த விளக்கத்தை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது.

அதற்கப்புறம் இரண்டு மாதம் புத்தகத்தைத் தொடவில்லை. ஒரு நாள் வேறு எதற்கோ பழைய மின்னஞ்சல்களைத் தேடியபோது, முதல் தேர்வுக்கு முன் ஒரு பேராசிரியருக்கு நான் அனுப்பிய கடிதம் கண்ணில் பட்டது. அவர் பதில் போடவே இல்லை. கடிதத்தின் இரண்டாவது வரி: "ஐ ஆம் வெரி இன்டரஸ்டிங் இன் யுவர் ரிசர்ச்." உங்கள் ஆராய்ச்சியில் எனக்கு மிகுந்த ஆர்வம் என்று சொல்ல நினைத்தேன். எழுதியதோ, உங்கள் ஆராய்ச்சியில் நான் மிகவும் சுவாரஸ்யமானவன் என்று ஆகியிருந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவர் பதில் போடாததற்கு அதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்த வரியை அவர் படிப்பதை நினைத்தாலே உடம்பு கூசியது. அந்த அவமானத்துக்கு நடுவே ஒன்று மட்டும் உறைத்தது. "இன்டரஸ்டிங்" எனக்குத் தெரியாத சொல் இல்லை. என் பட்டியலில் இருந்த சொல். அப்படியென்றால் கோளாறு சொல்வளத்தில் இல்லை.

மறுநாள் நான் அதுவரை எழுதியிருந்த பயிற்சிக் கட்டுரைகளை எல்லாம் எடுத்தேன். 38 இருந்தன. பச்சைப் பென்சிலால் ஒவ்வொரு பெயரடைக்கும் அடிக்கோடு போட்டேன். சந்தேகம் வந்த ஒவ்வொன்றையும் கற்போருக்கான ஆங்கில அகராதியில் பார்த்தேன். பொருளைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல், அங்கே கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு என் வாக்கியத்தை ஒப்பிட்டேன். ஒரு நோட்டில் இடப்பக்கம் என் தவறான வாக்கியம், வலப்பக்கம் சரியானது, அதற்குக் கீழே நான் தமிழில் என்ன நினைத்து அப்படி எழுதினேன் என்ற ஒரு வரி. அந்த மூன்றாவது வரிதான் எனக்குக் கண் திறந்தது. இரண்டு வாரம் ஆனது. சொல் தெரியாமல் செய்த தவறு அதில் விரல் விட்டு எண்ணும் அளவுதான். மற்றவை எல்லாம் ஐந்தாறு வகைக்குள் அடங்கின, திரும்பத் திரும்ப அவையே வந்தன, அதுவும் மிக எளிய சொற்களில். ஒவ்வொன்றின் அடியிலும் நல்ல, சரியான ஒரு தமிழ் வாக்கியம் இருந்தது.

முதலில் "ஆன", "ஆக" பற்றிச் சொல்கிறேன், இதில்தான் நான் அதிகம் விழுந்தேன். சிறு வயதிலிருந்தே மனத்தில் ஒரு கணக்கு: அழகான என்றால் "பியூட்டிஃபுல்", அழகாக என்றால் "பியூட்டிஃபுலி". "ஆக" வந்தால் "லி" சேர்க்க வேண்டும் என்று. "அவள் அழகாகப் பாடினாள்" என்பதில் இந்தக் கணக்கு சரியாக வரும். "அவள் அழகாக இருக்கிறாள்" என்பதில் கவிழ்த்துவிடும். தமிழில் இரண்டுக்கும் "அழகாக"தான். ஆங்கிலத்தில் இரண்டாவதற்குப் பெயரடை வேண்டும். "இஸ், ஆர், வாஸ்" மட்டும் என்றால் ஓரளவு பழக்கத்தில் வந்துவிடும். "லுக், சௌண்ட், ஃபீல், ஸ்மெல், டேஸ்ட், சீம், பிகம், ரிமெயின்" ஆகியவற்றுக்குப் பின்னாலும் அப்படித்தான் என்பது எனக்குத் தெரியாது. "த பிளான் சௌண்ட்ஸ் நைஸ்லி", "பீப்பிள் ஃபீல் ஹேப்பிலி", "த சிச்சுவேஷன் பிகேம் பேட்லி" என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன். நான் கண்டுபிடித்துக்கொண்ட சோதனை இது: அந்த வினையை எடுத்துவிட்டு "இஸ்" போட்டுப் பாருங்கள். வாக்கியம் நின்றால் அங்கே பெயரடைதான், "லி" கூடாது. "த பிளான் சௌண்ட்ஸ் நைஸ்", "த பிளான் இஸ் நைஸ்". நிற்கிறது, சரி. இன்னொரு ஜோடியும் உதவியது. "கோபமாகத் தெரிந்தார்", "கோபமாகப் பார்த்தார்". முதலாவது அவர் நிலை, ஆகவே "லுக்ட் ஆங்ரி". இரண்டாவது அவர் செய்த செயல், ஆகவே "லுக்ட் அட் மீ ஆங்ரிலி". ஒரே "லுக்", ஒரே "கோபமாக", ஆனால் ஆங்கிலம் அங்கே ஒரு கோடு கிழிக்கிறது.

இதைத் தோண்டும்போது நம் இலக்கணத்தையும் கொஞ்சம் திரும்பிப் பார்த்தேன். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தொல்காப்பியம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காகப் பிரிக்கிறது. பெயரடை என்று ஒரு தனி வகை கிடையாது. உரிச்சொல்லை அட்ஜெக்டிவ் என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள், ஆனால் மிகுதியைக் காட்டும் உறு, தவ, நனி போன்ற உரிச்சொற்கள் பெயரோடும் சேரும், வினையோடும் சேரும். நல்ல, பெரிய போன்றவற்றைப் பள்ளியில் குறிப்புப் பெயரெச்சம் என்று படித்தோம். "அழகான" என்பதில் உள்ள "ஆன" ஒரு பெயரெச்சம், "அழகாக" என்பதில் உள்ள "ஆக" ஒரு வினையெச்சம். அதாவது நாம் ஒன்றை வருணிக்கும்போது உள்ளுக்குள் ஒரு வினை ஓடிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பாவிலும் ஆரம்பத்தில் இந்த வகை தனியாக இருக்கவில்லை. தியோனிசியஸ் திராக்ஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க இலக்கணத்தின் எட்டு சொல்வகைகளில் பெயரடை இல்லை. லத்தீன் இலக்கணக்காரர்கள் அதைப் பெயர்ச்சொல்லின் ஒரு வகையாகவே வெகுகாலம் வைத்திருந்தார்கள். அட்ஜெக்டிவ் என்ற சொல்லுக்கே "பக்கத்தில் சேர்க்கப்பட்டது" என்றுதான் பொருள். நான் மந்தமானவன் என்று நம்பிக்கொண்டிருந்த நாட்களில் இதைப் படித்தேன். இரண்டு மொழிகள் உலகை இரண்டு விதமாக வகுத்திருக்கின்றன, நான் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான் என்று தெரிந்தபோது நெஞ்சில் இருந்த கனம் குறைந்தது.

அடுத்தது அந்த "இன்டரஸ்டிங்". "குழப்பமாக இருக்கிறது" என்று தமிழில் சொன்னால் குழம்பியது நானா, குழப்பியது கேள்வியா என்று பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. "எனக்கு" என்று தொடங்கினால் போதும், கேட்பவருக்குப் புரியும். ஆங்கிலத்தில் அந்த "எனக்கு" கிடையாது. "ஐ ஆம்" என்று தொடங்கியாக வேண்டும், அப்போது சொல்லின் வால் மாறிவிடுகிறது. உணர்வு யாருக்கு உண்டாகிறதோ அவருக்கு "ஈ-டி" வடிவம், எது உண்டாக்குகிறதோ அதற்கு "ஐ-என்-ஜி" வடிவம். மனிதர்களுக்கு "ஈ-டி", பொருள்களுக்கு "ஐ-என்-ஜி" என்று என் வகுப்பில் சொன்னார்கள். அது தவறான குறுக்குவழி, தயவுசெய்து நம்ப வேண்டாம். மனிதரும் அடுத்தவருக்குச் சலிப்பூட்டலாம். அப்போது அவர் "போரிங்"தான். எனக்குக் கைகொடுத்தது தமிழே. குழம்பிய மாணவன், குழப்பும் கேள்வி. களைத்த உடல், களைப்பூட்டும் வேலை. வியந்த கூட்டம், வியப்பூட்டும் செய்தி. அதிர்ந்த மக்கள், அதிர்ச்சியூட்டும் முடிவு. நம்மிடம் இந்த வேறுபாடு அழகாகவே இருக்கிறது, "ஆக இருக்கிறது" என்று சொல்லும்போது மட்டும் மறைந்துவிடுகிறது. எனவே எழுதும் முன் மனத்துக்குள் "ஊட்டும்" சேர்த்துப் பார்ப்பேன். "ஆர்வமூட்டும் நான்" என்று வந்தால் உடனே பிழை தெரிந்துவிடும். பேராசிரியருக்கு எழுதும் முன் இந்த ஒரு நொடி வேலையைச் செய்திருக்கலாமே என்று எத்தனை முறை நினைத்திருப்பேன்.

மூன்றாவது, நம் "விட". "அவன் என்னைவிட உயரம்." இதில் உயரம் என்ற சொல் அசையவே இல்லை, ஒப்பீட்டுச் சுமை முழுவதையும் "விட" தூக்கிக்கொள்கிறது. நானும் ஆங்கிலத்தின் "தேன்" என்ற சொல்லை "விட" என்று வைத்துக்கொண்டு, "ஹீ இஸ் டால் தேன் மீ" என்று எழுதினேன். ஆங்கிலத்தில் "தேன்" மட்டும் போதாது, பெயரடையும் மாற வேண்டும்: "டாலர் தேன்". வரைபடத்தை விவரிக்கும் முதல் கேள்வியில் முழுக்க முழுக்க ஒப்பீடுதான் வரும், அங்கேதான் இந்தப் பிழை குவிந்து கிடந்தது. என் 38 கட்டுரைகளில் "ஹை தேன்", "லோ தேன்" மட்டும் 17 இடங்களில் எண்ணினேன். இதைத் திருத்தப் போய் எதிர்ப்பக்கம் சாய்ந்து, "மோர் ஹையர்", "மோர் பெட்டர்" என்று இரண்டையும் போட ஆரம்பித்தேன். ஒன்று போதும். ஓரசைச் சொல்லுக்குப் பெரும்பாலும் "இ-ஆர்", "ஹேப்பி" போல "ஒய்"யில் முடியும் ஈரசைச் சொல்லுக்கு "ஐ-இ-ஆர்", நீளமான சொல்லுக்கு முன்னால் "மோர்". "குட், பேட், லிட்டில், ஃபார்" போன்ற சில மட்டும் உருவமே மாறும், அவற்றைத் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும். "சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர்" நான்கும் "தேன்" ஏற்காது, "டு" கேட்கும். "ஒன் ஆஃப் த பிக்கஸ்ட் ப்ராப்ளம்" என்று நான் விடாமல் எழுதிக்கொண்டிருந்தேன். பலவற்றுள் ஒன்று என்பதால் அங்கே "ப்ராப்ளம்ஸ்" என்று பன்மைதான் வர வேண்டும். இந்த ஒரு தொடர் ஏறக்குறைய எல்லாக் கட்டுரையிலும் வரும், அதனால் இதைத் திருத்தினால் உடனே பலன் தெரியும்.

பன்மை என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலப் பெயரடைக்குப் பன்மை இல்லை. "டென் இயர்ஸ் ஓல்ட் சைல்ட்" என்பது தவறு, "டென்-இயர்-ஓல்ட் சைல்ட்" என்று "எஸ்" இல்லாமல் இணைப்புக்கோட்டோடு வர வேண்டும். "த சைல்ட் இஸ் டென் இயர்ஸ் ஓல்ட்" என்று பின்னால் வந்தால் "எஸ்" உண்டு. அதோடு, முன்னால் ஒரு பெயரடை வந்து நின்றால் "எ", "ஆன்" அதன் முதல் ஒலியைப் பார்த்து மாறும்: "எ மேன்", ஆனால் "ஆன் ஓல்ட் மேன்", "ஆன் ஐடியா", ஆனால் "எ யூஸ்ஃபுல் ஐடியா".

நிற்கும் இடம் பற்றி எனக்கு யாருமே சொல்லித் தரவில்லை. தமிழில் அடைமொழி எப்போதும் பெயருக்கு முன்னால்தான். ஆங்கிலத்தில் சில பெயரடைகள் முன்னால் நிற்கவே நிற்காது. "அஸ்லீப், அஃப்ரெய்ட், அலைவ், அலோன், அவேக்" எல்லாம் அப்படி. தூங்கும் குழந்தை என்பதற்கு நான் "ஆன் அஸ்லீப் பேபி" என்று எழுதியிருந்தேன். "த பேபி இஸ் அஸ்லீப்" என்றுதான் சொல்ல முடியும், முன்னால் வேண்டுமானால் "ஸ்லீப்பிங் பேபி". "மெயின், ஃபார்மர், மியர்" போன்றவை இதற்கு நேர் எதிர், முன்னால் மட்டுமே வரும். "திஸ் ரீசன் இஸ் மெயின்" என்று எழுத முடியாது. நல்ல கற்போர் அகராதியில் பெயருக்கு முன் வராது, பெயருக்கு முன் மட்டும் வரும் என்று குறிப்பே போட்டிருப்பார்கள். எத்தனையோ வருடம் அகராதி பார்த்தும் அந்தக் குறிப்பு எதற்கு என்று நான் யோசித்ததில்லை. இடம் மாறினால் பொருளே மாறும் சொற்களும் உண்டு. சம்பந்தப்பட்ட அதிகாரி என்பதற்கு நம் நாட்டில் எல்லோரும் "கன்சர்ன்ட் ஆஃபிசர்" என்று எழுதுகிறோம். வெளிநாட்டில் ஒருவர் அதைப் படித்தால் கவலையில் இருக்கும் அதிகாரி என்று எடுத்துக்கொள்ளக்கூடும். சம்பந்தப்பட்டவர் என்றால் "த ஆஃபிசர் கன்சர்ன்ட்" என்று பின்னால் வர வேண்டும். "சம்திங், நத்திங், சம்ஒன்" ஆகியவற்றுக்கும் பின்னால்தான்: "சம்திங் நியூ". அப்புறம் "லி"யில் முடிவதெல்லாம் வினையடை என்று நினைக்க வேண்டாம். "ஃப்ரண்ட்லி, லவ்லி, லோன்லி" எல்லாம் பெயரடைகள். "ஹார்ட்" என்பதோடு "லி" சேர்த்தால் கடினமாக என்று வராது, ஏறக்குறைய இல்லவே இல்லை என்று வந்துவிடும். விண்ணப்பக் கடிதத்தில் "ஐ வொர்க்ட் ஹார்ட்லி" என்று எழுதியிருந்தேன். கடுமையாக உழைத்தேன் என்று சொல்ல வந்த இடத்தில், உழைக்கவே இல்லை என்ற வாடை அடித்தது.

பல பெயரடைகள் சேர்ந்து வரும்போது எது முதலில் என்ற வரிசை இருக்கிறதே, கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், பொருள், பயன் என்று. என் வகுப்பில் இதற்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டார்கள். என் 38 கட்டுரைகளில் மூன்று பெயரடை வரிசையாக வந்த இடம் ஒன்றுகூட இல்லை. இரண்டு வந்தால் நம் கருத்தைச் சொல்லும் சொல் முதலில், பொருளின் தன்மையைச் சொல்வது பிறகு, "பியூட்டிஃபுல் ஓல்ட் ஹவுஸ்" போல. இது தெரிந்தால் தேர்வுக்குப் போதும் என்பது என் முடிவு. மீதி நேரத்தை "விட"வுக்குக் கொடுங்கள்.

இப்போது அந்த ஆயிரம் சொல் பட்டியலுக்கு வருகிறேன். பட்டியலின் கோளாறு என்னவென்றால், அது ஒவ்வொரு பெயரடையையும் தனியாகக் காட்டியது. பெயரடை தனியாக வாழ்வதில்லை. தமிழில் கனமழை என்போம், பலத்த காற்று என்போம், ஆழ்ந்த உறக்கம் என்போம். கனக்காற்று என்று யாரும் சொல்வதில்லை, ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது, காது ஒப்பாது. ஆங்கிலத்திலும் அதே கதைதான்: "ஹெவி ரெயின், ஸ்ட்ராங் விண்ட், டீப் ஸ்லீப்". "ஸ்ட்ராங் ரெயின்" என்றால் அவர்கள் காதும் ஒப்பாது. என் "கொலோஸல் ஸ்டெப்ஸ்", "மேக்னிஃபிசென்ட் சொல்யூஷன்" எல்லாம் அப்படித்தான் ஒலித்திருக்கும். அளவு காட்டும் சொல்லிலும் இதே சிக்கல். "எக்ஸலென்ட், யூனிக், பெர்ஃபெக்ட்" போன்றவை ஏற்கெனவே உச்சத்தில் இருப்பவை, அவற்றுக்கு முன் "வெரி" ஒட்டாது. "டூ" என்பதை "மிக" என்று நினைத்து "டூ குட்", "டூ ஹேப்பி" என்று நான் எழுதியதெல்லாம் அளவுக்கு மீறி, வேண்டாத அளவுக்கு என்ற பொருளைத் தந்துவிட்டது. பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெயரடையையும் அது வழக்கமாகச் சேரும் பெயரையும் ஜோடியாக எழுதிப் படித்தேன். நல்ல கட்டுரைகளை வாசிக்கும்போது கண்ணில் பட்டதை மட்டும் எடுத்தேன். ஐந்து மாதத்தில் 200 ஜோடிகூடச் சேரவில்லை, ஆனால் எழுதும்போது அவைதான் தானாக வந்தன. பெயரடைக்குப் பின் வரும் முன்னிடைச் சொல்லையும் அப்படியே ஒட்டாகப் படித்தேன்: "குட் அட்", "டிஃபரன்ட் ஃப்ரம்", "ரெஸ்பான்சிபிள் ஃபார்", "மேரீட் டு". நம் வேற்றுமை உருபை வைத்து ஊகித்தால் பாதி இடத்தில் தவறும்.

அந்த ஐந்து மாதமும் ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் செலவழித்தேன். வாரம் இரண்டு கட்டுரை. எழுதி முடித்ததும் திருத்தாமல் மூடி வைத்துவிட்டு, மறுநாள் பச்சைப் பென்சிலோடு பெயரடைகளை மட்டும் பார்ப்பேன். எழுதிய சூட்டில் பார்த்தால் என் கண்ணுக்கு என் பிழை தெரிவதே இல்லை. தேர்வு அறையில் இரண்டு கேள்விக்கும் சேர்த்து 60 நிமிடம். இரண்டாவது கேள்விக்கு முதல் கேள்வியைப் போல இரண்டு மடங்கு மதிப்பு என்பதால் அதற்கு 40 நிமிடம் ஒதுக்கினேன், அதில் கடைசி ஐந்து நிமிடம் எழுதாமல் சரிபார்க்க மட்டும். முதலில் "தேன்" எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடி, அதற்கு முன்னால் உள்ள சொல் மாறியிருக்கிறதா என்று பார்த்தேன். அடுத்து "ஒன் ஆஃப் த". அடுத்து உணர்ச்சிச் சொற்களின் வால். கடைசியாக "லி". எல்லாவற்றையும் ஒரே வாசிப்பில் பிடிக்கப் பார்க்கக் கூடாது, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் தேடினால்தான் கண் பிடிக்கும். அன்று நான்கு பிழை கிடைத்தது, நான்கையும் திருத்தினேன்.

மூன்றாம் முறை எழுத்தில் 7 வந்தது. அந்தக் கட்டுரையில் நான் போட்ட பெயரடைகள் இன்னும் நினைவில் இருக்கின்றன: "குட், காமன், சீரியஸ், லாங்-டெர்ம், லெஸ் எக்ஸ்பென்சிவ்". எதுவும் அந்தப் பட்டியலின் உயர்ந்த பகுதியில் இருந்தது இல்லை. முதல் தேர்விலிருந்து அந்த நாள் வரை 14 மாதம் ஓடியிருந்தது. இந்தத் தடவை வீட்டில் அன்றே சொன்னேன், முதல் முறை சொன்ன பொய்யையும் சேர்த்து.

இப்போது என் தங்கை அதே தேர்வுக்குப் படிக்கிறாள். என் நோட்டைக் கொடுத்தேன், அவளுக்கு நேரம் மிச்சமாகட்டும் என்று. ஒரு வாரத்தில் திருப்பித் தந்துவிட்டாள். "தேன்" விஷயத்தில் அவள் தவறு செய்வதே இல்லையாம். "இன்டரஸ்டட்" குழப்பமும் இல்லையாம். நான் ஒரு முறைகூடத் தடுமாறாத "ஃபியூ", "எ ஃபியூ" இரண்டில்தான் அவள் பக்கத்துக்குப் பக்கம் விழுந்திருக்கிறாள். தமிழில் இரண்டுக்கும் "சில" என்றே நினைத்து எழுதியிருக்கிறாள். "ஃபியூ" என்றால் ஏறக்குறைய இல்லை என்ற குறைபாடு, "எ ஃபியூ" என்றால் சில இருக்கின்றன என்ற நிறைவு. அவளே ஒரு புது நோட்டு எடுத்துக் கோடு போட்டு, முதல் பக்கத்தின் இடப்பக்கம் "ஐ ஹேவ் ஃபியூ ஃப்ரண்ட்ஸ் டு ஹெல்ப் மீ" என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே தமிழில், "உதவ எனக்குச் சில நண்பர்கள் இருக்கிறார்கள் என்று சொல்ல நினைத்தேன்" என்று இருந்தது.